தரையைப் பிடிக்கும் காக்கா ஆழி

டீ ஆறட்டும் தம்பி, இதைக் கொஞ்சம் பொறுமையாகத்தான் சொல்ல வேண்டும். "ஆழி பெருகினால் நல்லதுதானே, சாப்பிடுகிற சிப்பிதானே?" என்று கேட்டீர்கள். பச்சை ஆழி என்றால் நானும் சந்தோஷப்படுவேன். எண்ணூர் கழிமுகத்தில் பெருகிக் கிடப்பது அதுவல்ல. அங்குள்ள மீனவர்கள் அதைக் காக்கா ஆழி என்கிறார்கள். அறிவியல் பெயர் மைடெல்லா ஸ்ட்ரிகாட்டா. பூர்வீகம் மத்திய, தென் அமெரிக்கக் கரைகள். ஆசியாவில் பிலிப்பைன்ஸில் 2014இலும் சிங்கப்பூரில் 2016இலும் தென்பட்டது. பிறகு கேரளத்தின் அஷ்டமுடிக் காயலிலும் பரவியது.

சரக்கை இறக்கிவிட்ட கப்பல், ஆட்டம் காணாமல் இருக்கக் கடல்நீரை ஏற்றிக்கொள்ளும். அடுத்த துறைமுகத்தில் சரக்கு ஏற்றும்போது அந்த நீரைக் கொட்டிவிடும். கண்ணுக்குத் தெரியாத ஆழிக் குஞ்சுகள் அதில் பயணம் செய்யும். வளர்ந்தவை கப்பலின் அடியில் ஒட்டிக்கொண்டும் வரும். அந்த நீரைச் சுத்திகரித்தே வெளியேற்ற வேண்டும் என்ற சர்வதேச உடன்படிக்கை 2004இல் ஏற்கப்பட்டு, 2017 செப்டம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. இந்தத் தாமதத்தின் விலையைக் கழிமுகங்கள்தான் கொடுக்கின்றன.

சரி, வந்தது இருந்துவிட்டுப் போகட்டுமே என்றால், அது சும்மா இருப்பதில்லை. உடலிலிருந்து நார் விட்டு ஒன்றையொன்று பிணைத்துக்கொண்டு, ஆற்றின் அடித்தரை முழுவதும் கம்பளம் போலப் படர்கிறது. அந்த நார்களுக்கு இடையே சேறும் அதன் கழிவும் தங்கி அழுகுகின்றன. அடியில் பிராணவாயு குறைகிறது. இறாலுக்கு மண்ணில் புதைந்து பதுங்க இடம் வேண்டும். மஞ்ச மட்டிக்கும் மண்ணுக்குள்தான் வாழ்க்கை. மண்ணே மூடிப்போனால் இரண்டும் எங்கே போகும்? இடுப்பளவு நீரில் தடவித் தடவிக் கையால் இறால் பிடிக்கும் மக்கள் அந்தப் பக்கம் இருக்கிறார்கள். அவர்களுக்குப் படகு இல்லை, வேறு இடம் தேடிப் போக வழியும் இல்லை. காலடியில் கூரிய ஓடுகள்தான் மிச்சம்.

மழை வெள்ளம் வந்தால் செத்துப்போகாதா என்று நீங்கள் கேட்பது நியாயம். ஏறக்குறைய நன்னீர் எனும் அளவு தொடங்கிக் கடலை மிஞ்சிய உப்பு வரை இது தாங்கும். அதுதான் இதன் பலம்.

இப்படி ஓர் ஆற்றில் பல ஆண்டுகளில் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவின் ஹட்சன் ஆறு சாட்சி. அங்கே 1991இல் தென்பட்டது வேறோர் இனம், வரி போட்ட சிறு நன்னீர் ஆழி. சில ஆண்டுகளிலேயே மிதக்கும் நுண்பாசியில் 80 சதவீதத்துக்கு மேல் காணாமல் போனது. நீர் தெளிவானது, ஆனால் பாசியைத் தின்று வாழ்ந்த நுண்ணுயிர்களும், அவற்றை நம்பிய மீன்குஞ்சுகளும் பட்டினி கிடந்தன. உள்ளூர் மட்டிகள் சரிந்தன. பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்து நண்டுகள் இந்த ஆழியைத் தின்னப் பழகிய பிறகே ஓரளவு மீட்சி தெரிந்தது. பழைய ஆறு முழுதாகத் திரும்பவில்லை.

நண்டு பழகும்வரை நாம் காத்திருக்கலாமா? கூடாது என்பேன். எண்ணூரில் அனல்மின் நிலையச் சாம்பலும் ஆலைக் கழிவும் ஏற்கெனவே தரையைக் கெடுத்துவிட்டன. அங்கே மீட்சி இன்னும் மெதுவாகவே வரும். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வும் இந்த விவகாரத்தை விசாரித்தது. ஒருமுறை வாரி எடுத்தால் தீர்ந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். மிச்சமிருக்கும் ஆழிகள் மறுபடி குஞ்சு விடும். ஆண்டுதோறும் எடுக்க வேண்டும், எடுத்ததைக் கரைக்குக் கொண்டுவர வேண்டும். அதே நீரில் தள்ளிவிடுவது விதைப்பதற்குச் சமம். எடுக்கிற வேலையை அந்த மீனவர்களுக்கே கூலியோடு கொடுப்பதுதான் முறை.

நம் கவரைப்பேட்டைக்கு இதில் என்ன? நம் பக்கத்து ஆரணியாறு போய்ச் சேர்வது பழவேற்காடு ஏரியில். எண்ணூரையும் பழவேற்காட்டையும் பக்கிங்ஹாம் கால்வாய் இணைக்கிறது. ஆழிக்கு அதுவே பாதை. பழவேற்காட்டில் உங்களுக்குச் சொந்தபந்தம் இருந்தால் இதைச் சொல்லுங்கள்: எண்ணூர் நீரில் இறங்கிய படகையும் வலையையும் சுரண்டிக் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகே ஏரியில் இறக்க வேண்டும்.