ஒரே விதை, இரண்டு மண்

ஆடி மாதம் பிறந்துவிட்டது. நம் சென்னை மாநகரில் இச்செய்தியை முதன்முதலில் அறிவிப்பவை பஞ்சாங்கங்கள் அல்ல. பாண்டி பஜாரிலும் உஸ்மான் சாலையிலும் உள்ள ஜவுளிக் கடைகளே. தள்ளுபடிச் சேலைகளின் மீது நமக்கு யாதொரு பகைமையும் இல்லை. ஆயினும் அதே ஆடியில் பட்டம் பார்த்து விதைக்கச் சொன்னார்கள் நம் முன்னோர். மயிலையிலும் மாம்பலத்திலும் அடையாற்றிலும், கொல்லைப்புறத்தில் ஒரு முழ மண்ணோ மொட்டை மாடியில் நாலு தொட்டியோ வைத்திருக்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கத்தான் இருக்கின்றன. அவர்களை உத்தேசித்தே இதை எழுதலானோம்.

தியாகராய நகரில் வசிக்கும் நண்பர் ஒருவர் சென்ற ஆடியில் அவரை விதைப் பொட்டலம் ஒன்று வாங்கினார். பாதியைத் தாம் வைத்துக்கொண்டு, மீதியை அடையாற்றிலுள்ள தம் தமக்கையாருக்கு அனுப்பினார். இருவரும் ஒரே வெள்ளிக்கிழமையில் விதைத்தார்கள். பொட்டலத்தின்மேல் அச்சிட்டிருந்தபடி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீரும் விட்டார்கள். ஆவணி முடிவதற்குள் தம்பியின் கொடிகள் வேர் அழுகிச் சாய்ந்தன. தமக்கையின் கொடிகள் நீரின்றிச் சுருண்டன.

“அக்கா, நீ தண்ணீரே காட்டவில்லை போலிருக்கிறது” என்றார் தம்பி.

“நீதான் ஏரி மாதிரி தேக்கி வைத்துவிட்டாய்” என்றார் தமக்கையார்.

அம்மையார் வேடிக்கையாகச் சொன்ன வார்த்தையில் ஊரின் சரித்திரமே அடங்கியிருக்கிறது. தியாகராய நகர் எழுந்த இடம் ஒரு காலத்தில் ஏரியேதான். ஆங்கிலேயர் காலத்து வரைபடங்களில் ‘லாங் டாங்க்’ என்று குறிக்கப்பட்ட அந்த நீண்ட ஏரியை 1920-களில் வடித்துவிட்டு மனைகளாக வகுத்தார்கள். சர் பிட்டி தியாகராய செட்டியாரின் பெயர் புதிய நகருக்குச் சூட்டப்பட்டது. ஏரி மறைந்தது, மேற்கு மாம்பலத்தில் ‘லேக் வியூ ரோடு’ என்ற பெயர் மாத்திரம் நின்றுவிட்டது. 1976-இல் வள்ளுவர் கோட்டம் எழும்பியதும் நுங்கம்பாக்கத்து ஏரி இருந்த இடத்தில்தான். இந்தப் பிரதேசத்தின் மண் பெரும்பாலும் களி. குடித்த நீரை எளிதில் விடாது. அடையாறு, திருவான்மியூர், சாந்தோம் முதலிய இடங்களிலோ ஆறும் கடலும் கொண்டுவந்து சேர்த்த மணல். அங்கே ஊற்றிய நீர் கண்மூடித் திறப்பதற்குள் கீழே இறங்கிவிடும். இரண்டு பேட்டைகளுக்கும் நடுவே உள்ள தூரம் சில மைல்தான். இருந்தும் விதைப் பொட்டலக்காரர் சென்னை முழுவதையும் ஒரே வயலாகப் பாவித்துவிட்டார்!

தம் வீட்டு மண் எந்த ஜாதி என்பதை அறிய நேயர்கள் எந்தப் பரிசோதனைச் சாலைக்கும் போக வேண்டியதில்லை. ஒரு பிடி மண்ணை நனைத்து உள்ளங்கையில் திரித்துப் பாருங்கள். முறுக்குப் போல நீண்டு வளைந்தால் களி, உதிர்ந்துபோனால் மணல். களிமண்காரர்கள் பாத்தியை ஒரு சாண் உயர்த்தி, மேட்டின்மேல் விதைக்க வேண்டும். விரலை உள்ளே விட்டு, ஈரம் குறைந்த பிறகே நீர் வார்க்க வேண்டும். மணற்காரர்கள் கொஞ்சங் கொஞ்சமாக, அடிக்கடி வார்க்க வேண்டும். செடியைச் சுற்றிச் சருகு பரப்பி வெயிலிலிருந்து ஈரத்தைக் காக்க வேண்டும். களியில் மணலைக் கொட்டினால் சரியாகிவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். அளவு பிசகினால் அது செங்கல்லாக இறுகிவிடும். இரண்டு மண்ணுக்கும் பொதுவான மருந்து மட்கிய எருவே. அது களியைப் பொலபொலப்பாக்கும். மணலுக்கு ஈரம் தாங்கும் சக்தியைத் தரும்.

எரு செய்வதில் நம் தேசத்துக்கு ஒரு பெருமை உண்டு. இந்தூரில் ஆல்பர்ட் ஹோவர்டு என்ற ஆங்கிலேயர் நம் குடியானவர்களின் வழக்கங்களைக் கூர்ந்து கவனித்து, இலை தழைகளையும் சாணத்தையும் அடுக்கி மட்க வைக்கும் முறை ஒன்றை வகுத்தார். ‘இந்தூர் முறை’ என்றே உலகம் அதை அழைக்கிறது. காந்தியடிகளின் ‘ஹரிஜன்’ பத்திரிகை 1935-இல் அதைப் பற்றி எழுதிற்று. சாணத்துக்கு எங்கே போவது என்று மயிலாப்பூர்க்காரர்கள் கவலைப்பட வேண்டாம். காய்கறித் தோல், வாடிய பூ, காப்பிச் சக்கை, உலர்ந்த சருகு, கொஞ்சம் புளித்த மோர் இவையே போதும். துளையிட்ட மண்பானை ஒன்றில் ஈரக் குப்பை ஒரு பங்கு, சருகு இரண்டு பங்காக அடுக்கி, வாரம் ஒருமுறை கிளறிவிட்டால் இரண்டு மூன்று மாதத்தில் எரு தயார்.

இனி விதைப்பு. சென்னைக்கு ஓராண்டில் கிடைக்கும் மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். அதில் பாதிக்குமேல் ஐப்பசியை ஒட்டிய மூன்று மாதங்களில் கொட்டித் தீர்க்கிறது. ஆடியில் விதைத்தால்தான் அந்த மழை வருவதற்குள் செடி வேரூன்றித் திடப்படும். வெண்டை, கத்தரி, கொத்தவரை, புடல், பீர்க்கு, பாகல், பூசணி யாவும் இப்போது விதைக்கலாம். அவரையின் குணம் தனி. எவ்வளவு சீராட்டினாலும், இரவு நீளத் தொடங்கும் வரையில் நாட்டு அவரைக் கொடி பூக்காது. ஆடியில் போட்டது தைப் பொங்கல் கூட்டுக்குச் சரியாகக் காய்த்து நிற்பதன் ரகசியம் இதுதான். மாடியில் பூசணி பிஞ்சிலேயே உதிர்கிறது என்போர், வண்டுகளைக் காணாவிட்டால், காலையில் ஆண் பூவைக் கிள்ளிப் பெண் பூவில் தாமே தடவிவிடலாம். தக்காளி நாற்றுக்கு அவசரம் வேண்டாம்; அடைமழையில் அழுகும். மழை ஓய்ந்தபின் நடுவதே உத்தமம். கோஸும் காலிபிளவரும் மார்கழிக் குளிரை நம்பித்தான்.

முருங்கை வைத்திருப்பவர்கள் புரட்டாசிக்குள் கிளைகளைக் கழித்துவிடுவது நலம். 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயலில் இந்நகரம் இழந்த மரங்களை யாரும் மறந்திருக்க முடியாது. முருங்கையோ சாதாரணக் காற்றுக்கே முறிவது.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. 2019-இல் ஆடி பிறக்கும் சமயத்தில், ஜூலை 12-ஆம் தேதி, ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலேறிச் சென்னைக்கு வந்தது. அதற்கு நாலு வருஷம் முன்பு, 2015 டிசம்பரில், இதே நகரம் வெள்ளத்தில் மிதந்தது. மழைநீர்ச் சேமிப்பை எல்லாக் கட்டிடங்களுக்கும் 2003-லேயே சட்டம் கட்டாயமாக்கியிருக்கிறது. ஆனால் கொல்லைப்புறம் முழுவதையும் சிமெண்டு பூசிவிட்டு, ஒரு மூலையில் பெயருக்கு ஒரு குழாயை இறக்கிவிட்டால் சட்டம் திருப்தியடையலாம்; பூமி திருப்தியடையாது. மோட்டார் வண்டி நிறுத்த இடம் வேண்டும் என்கிறார்கள். வண்டிக்கு அடியில் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவிலுள்ள மண்ணையாவது மூடாமல் விடக்கூடாதா?

முன்பெல்லாம் கிணற்றடி நீர் வாழைக்கும், அரிசி களைந்த நீர் கறிவேப்பிலைக்கும் போயிற்று. அடுக்கு மாடி வீடுகளில் கிணற்றடி ஏது? ஆயினும் அரிசி களைகிறோம். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து நாள் முழுதும் சொட்டும் நீரையோ சாக்கடைக்கு அனுப்புகிறோம். அதில் உப்பில்லை, ஒரு வாளியை அடியில் வைத்தால் மாடித் தொட்டிகளுக்கு உதவும்.

நம் நண்பரும் தமக்கையாரும் இவ்வருஷமும் விதைக்கப் போகிறார்கள். நண்பர் வீட்டுப் பக்கத்துச் சந்தில் மூன்று அடி நீளத்துக்குச் சிமெண்டைப் பெயர்த்தெடுத்திருக்கிறார். தோண்டிய களிமண்ணில் ஒரு மூட்டையை அடையாற்றுக்கு அனுப்பும்படி தமக்கையார் தொலைபேசியில் உத்தரவிட்டாராம். அவருடைய மணலுக்கு அது வேண்டுமாம். தம்பி பதிலுக்கு மணல் கேட்கவில்லை. அந்த வீட்டு வேப்பமரத்தடிச் சருகில் இரண்டு மூட்டை கேட்டிருக்கிறார்.