எழுபது வளைவுக்குக் கீழே பத்து கிலோமீட்டர்

"அண்ணா, பத்து ஓடினா நாப்பத்திரண்டு கெட்டுப்போயிடுமா?"

கொல்லிமலையில் பைல் நாட்டு டீக்கடை பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தம்பி கேட்டான். காப்பி விளையும் மலையில் உட்கார்ந்துகொண்டு எல்லாரும் டீதான் குடிக்கிறோம், அது வேறு கதை. காப்பிப் பழம் பறிக்கும் மாதம். பகலெல்லாம் சரிவில் நின்று பறித்துவிட்டு வந்தவன் அவன். விரல் நுனியெல்லாம் கறை.

விஷயம் இதுதான். ஜனவரியில் சென்னை மாரத்தானில் முழுத் தூரம், 42.195 கிலோமீட்டர், ஓடப் பெயர் கொடுத்திருக்கிறான். ஆகஸ்டிலிருந்து பயிற்சி. இப்போது டிசம்பரில், கீழே சமவெளியில் ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டம் வருகிறது. பனியன், மெடல், முடிவில் இட்லியும் பொங்கலும். கூட்டாளிகள் நாலு பேர் பணம் கட்டிவிட்டார்கள். இவனுக்கு ஆசை ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். பெரிய ஓட்டத்துக்குச் சேர்த்து வைத்ததைச் சின்ன ஓட்டத்தில் செலவழித்துவிடுவோமோ என்று.

"நீ கெடுக்காம இருந்தா கெடாது" என்றேன். "எதுக்கு ஓடப்போற, அதைச் சொல்லு முதல்ல."

"ஜெயிக்கத்தான்."

இங்கேதான் பேச்சு நீண்டது. இரண்டாவது டீயும் வந்தது.

மற்ற ஊர்க்காரன் கேட்டிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். கொல்லிமலைக்காரனுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு: அவனுக்குத் தன் வேகம் தெரியாது. நாம் ஓடுகிற ரோட்டில் சேர்ந்தாற்போல இரண்டு கிலோமீட்டர் சமமாக இருக்கிறதா? ஏறும், இறங்கும், வளையும். கைக்கடிகாரம் ஒரு கிலோமீட்டருக்கு ஏழு நிமிடம் காட்டும், அடுத்ததற்கு ஐந்தேகால் காட்டும். இரண்டும் பொய் இல்லை, ஆனால் எதை வைத்தும் கணக்குப் போட முடியாது.

இத்தாலிய ஆய்வாளர் ஆல்பெர்த்தோ மினெத்தி 2002இல் இதை அளந்து காட்டினார். 100 மீட்டருக்கு 10 மீட்டர் ஏறும் சரிவில் ஓடினால், சமதளத்தில் செலவாகும் சக்தியைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல் ஆகும். 100 மீட்டருக்கு 20 மீட்டர் இறங்கும் சரிவிலோ ஏறக்குறையப் பாதிதான். அப்படியென்றால் மலையில் ஒரு மணி நேரம் ஓடியவன் என்ன வேகத்தில் ஓடினான் என்று யாரால் சொல்ல முடியும்?

ஆக, கீழே நடக்கும் தட்டையான பத்து கிலோமீட்டர்தான் இவனுக்குக் கிடைக்கும் முதல் தராசு. சந்தைக்குப் பலாப்பழம் கொண்டுபோகும்போது வீட்டில் தூக்கிப் பார்த்து, 'பதினஞ்சு கிலோ வரும்' என்போம். தட்டில் வைத்தால்தானே தெரியும்.

வடை வைத்துக் கொடுத்த தாளில் எண்ணெய் படாத மூலையைக் கிழித்து எழுதிக் காட்டினேன். பீட்டர் ரீகல் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1977இல் ஒரு சூத்திரத்தை வெளியிட்டார். தூரம் இரண்டு மடங்கானால் நேரம் இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேலே போகும் என்பது அதன் சாரம். அந்தக் கொஞ்சத்தை அடுக்குக்குறியாக 1.06 என்று வைத்தார். அடுக்குக்குறியை விட்டுத் தள்ளு, டீக்கடைக் கணக்காகச் சொல்கிறேன்: பத்து கிலோமீட்டருக்கு ஆன நிமிடத்தை 4.6ஆல் பெருக்கு. 50 நிமிடம் ஆனால் 230 நிமிடம், அதாவது 3 மணி 50 நிமிடம். 55 ஆனால் 253, அதாவது 4 மணி 13 நிமிடம்.

தம்பி உடனே மனதுக்குள் நாற்பத்தைந்தைப் பெருக்கிக்கொண்டிருந்தான். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"இரு. இது நல்லாப் பழகினவனுக்குப் போட்ட கணக்கு. முதல் தடவை ஓடறவன் இதோட பதினஞ்சு இருபது நிமிஷம் கூட்டிக்கணும்."

ஏன் கூட்ட வேண்டும் என்றால், பத்து கிலோமீட்டரால் சொல்ல முடியாத சங்கதி ஒன்று இருக்கிறது. தின்ற சோற்றின் மாவுச்சத்து தசையிலும் ஈரலிலும் கிளைக்கோஜனாகச் சேர்ந்து கிடக்கும். மொத்தமே 400, 500 கிராம்தான், ஏறத்தாழ 2,000 கலோரி. 60 கிலோ எடையுள்ளவன் ஒரு கிலோமீட்டர் ஓட 60 கலோரி போல ஆகும். பத்துக்கு 600. இருப்பில் கைவைத்ததுகூடத் தெரியாது. 42க்கு 2,500ஐத் தாண்டும். கொழுப்பு கொஞ்சம் கைகொடுக்கும் என்றாலும் முப்பதுக்கு மேல் பலருக்குக் கால் ஈயமாகிவிடுவது இதனால்தான். பத்தில் சிங்கமாக ஓடியவன் முப்பத்திரண்டில் நடப்பதை நானே பார்த்திருக்கிறேன். அதற்கு மருந்து ஞாயிற்றுக்கிழமை நெடு ஓட்டமும் வழியில் சாப்பிடும் பழக்கமும். பத்து கிலோமீட்டர் பந்தயத்திடம் அதைக் கேட்கக் கூடாது.

இனி இறக்கம். இதைத்தான் அவனிடம் அதிக நேரம் பேசினேன், ஏனென்றால் இதில் சூடுபட்டவன் நான்.

சில வருஷங்களுக்கு முன் இதே மாதிரி கீழே ஒரு ஓட்டம். ஞாயிறு காலை பந்தயம். சனிக்கிழமை பஸ்ஸுக்குக் காத்திருக்க அலுத்துப்போய், 'இறக்கம்தானே, பயிற்சியாவும் ஆச்சு' என்று சோளக்காட்டிலிருந்து அடிவாரத்துக் காரவள்ளி நோக்கி ஓட ஆரம்பித்தேன். எழுபது கொண்டை ஊசி வளைவு. மூச்சு வாங்கவே இல்லை. பாட்டுப் பாடிக்கொண்டே இறங்கலாம் போல இருந்தது. மறுநாள் பந்தயத்தையும் ஒருவழியாக ஓடி முடித்தேன். திங்கட்கிழமை ஊருக்குத் திரும்பி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது படியில் கால் மடங்கவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஏணியிலிருந்து இறங்குவது போல முதுகைக் காட்டி இறங்கினேன். கண்டக்டர் விசில் ஊதாமல் வேடிக்கை பார்த்தார். அடுத்த பத்து நாள் பயிற்சி போனதுதான்.

மூச்சு வாங்காததுதான் இறக்கத்தின் சூது. ஏறும்போது தொடைத் தசை சுருங்கி உடம்பை மேலே தள்ளுகிறது. இறங்கும்போது அதே தசை பிரேக் வேலை பார்க்கிறது. முட்டி மடங்க மடங்கத் தசை நீளுகிறது, நீளும்போதே எடையையும் தாங்கிப் பிடிக்கிறது. இப்படி நீண்டபடி தாங்கும் தசையில்தான் நுண்ணிய கிழிசல்கள் விழும். வலி அன்றைக்கே வராது. ஒரு நாள், இரண்டு நாள் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை ஓட முடிந்த என்னால் திங்கட்கிழமை படி இறங்க முடியவில்லை. ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படி இறங்கி ஏறிய வெளியூர்க்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். ஏறும்போது புலம்புவார்கள், ஆனால் மூன்றாம் நாள் ஆபீஸ் மாடிப்படியில் நொண்ட வைப்பது இறக்கம்.

இதில் மலைக்காரனுக்கு ஒரு வரமும் உண்டு. ஒருமுறை இறக்கத்தில் அடிவாங்கிய தசை அடுத்த சில வாரங்களுக்கு அதே அடியை எளிதாகத் தாங்கும். மெல்ல மெல்ல இறங்கிப் பழகியவனுக்குத் தொடை சீக்கிரம் சோராது. ஆகவே இறக்க ஓட்டத்தை விடச் சொல்லவில்லை. பந்தயத்துக்கு முந்தைய வாரத்தில் வேண்டாம், அவ்வளவுதான். கீழே பஸ்ஸில் போ.

"கீழ போனா நான் பறப்பேன், அண்ணா. மலைக்காத்துல பழகின நெஞ்சு."

இந்த நம்பிக்கை நம்மூரில் எல்லாருக்கும் உண்டு. கொஞ்சம் தட்டி வைக்க வேண்டியிருந்தது. உயரத்தில் பழகினால் ரத்தச் சிவப்பணு கூடும் என்பது உண்மை. ஆனால் அதற்கென்று ஓட்டக்காரர்கள் தேடிப் போகும் இடங்கள் 2,000 மீட்டருக்கு மேலே இருக்கும். உதகை 2,200ஐத் தாண்டும். கென்யாவின் ஈட்டன் ஏறக்குறைய 2,400. நம் மலை 1,000 முதல் 1,300 மீட்டர். காற்று நல்ல காற்று, சந்தேகமில்லை. பறக்க வைக்கிற அளவுக்கு மெல்லிய காற்று இல்லை.

சொல்லப்போனால் இவனுக்குக் கவலை வர வேண்டியது எதிர்ப்பக்கத்திலிருந்து. சென்னையில் கடலோரக் காற்று ஈரம். வேர்வை வழியும், காயாது. காய்ந்தால்தானே உடம்பு குளிரும்? வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் உடம்பு பழக பத்திலிருந்து பதினான்கு நாள் ஆகும். டிசம்பரில் போர்வையோடு எழுந்து ஓடுகிற பையன், ஜனவரியில் சூரியன் ஏறியபின் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓடப்போகிறான். கீழே ஓடும் ஒரு பந்தயம் அதைச் சரிசெய்துவிடாது. ஆனால் தன் உடம்பு எவ்வளவு வேர்க்கிறது, எப்போது தாகம் எடுக்கிறது என்பதை ஒரு மணி நேரத்துக்குள் காட்டிவிடும். முடிந்தால் முழு ஓட்டத்துக்கு முந்தைய இரண்டு வாரமும் கீழே சொந்தக்காரர் வீட்டில் இருந்து ஓடச் சொன்னேன். காப்பிப் பறிப்பை விட்டுவிட்டு எப்படிப் போவது என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

எவ்வளவு வேகமாக ஓடலாம்? தராசு என்று சொல்லிவிட்டால் முழுசாக ஏறி நிற்க வேண்டும். பாதிக் காலை வைத்து நின்று எடை பார்க்க முடியாது. முழு முயற்சியோடு ஓடு, ஆனால் முதல் இரண்டு கிலோமீட்டரைக் கட்டிப்போடு. மலையில் பழகிய காலுக்குச் சமதளம் இறக்கம் போலத் தோன்றும், கூட்டமும் இழுக்கும். ஏழாவது கிலோமீட்டரில்தான் வேறொன்று புரியும்: மலையில் தசை ஏற்றத்துக்கு ஒரு விதமாக, இறக்கத்துக்கு ஒரு விதமாக முறைமாற்றி உழைக்கும். சமதளத்தில் அதே வேலை, அதே அடி, மாற்று கிடையாது. இதை ஜனவரியில் முதல்தடவையாகத் தெரிந்துகொள்வதைவிட டிசம்பரில் தெரிந்துகொள்வது மலிவு.

வேகமாக ஓடினால் நெடுந்தூரக் கால் கெட்டுப்போகும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். புதுக்கோட்டைக்காரர் எல். சூர்யா தடகளத்தில் 5,000, 10,000 மீட்டர் ஓடியவர். 2016 தெற்காசிய விளையாட்டில் இரண்டிலும் தங்கம். அதே கால்தான் 2017 நவம்பரில் டெல்லி அரை மாரத்தானை 1 மணி 10 நிமிடம் 31 விநாடியில் முடித்தது, இந்தியப் பெண்களில் முதலாவதாக. கிலோமீட்டருக்கு 3 நிமிடம் 20 விநாடி போல ஆகிறது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் எமில் சாடோபெக் 5,000, 10,000 இரண்டிலும் தங்கம் வாங்கியபின், வாழ்நாளில் ஓடியே பார்த்திராத மாரத்தானிலும் நின்று அதையும் ஜெயித்தார். நாம் சாடோபெக் இல்லை என்பதைத் தம்பிக்கு இரண்டு தடவை சொன்னேன்.

எது சின்னப் பந்தயம் என்பதே ஆளைப் பொறுத்தது. தென்னாப்பிரிக்காவில் 1921இலிருந்து காம்ரேட்ஸ் என்றொரு ஓட்டம் நடக்கிறது. டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் நடுவே, சுமார் 90 கிலோமீட்டர். அதில் சேர ஒரு முழு மாரத்தானைக் குறித்த நேரத்துக்குள் முடித்த சான்று வேண்டும். நம் தம்பி உயிரைக் கொடுத்து ஓடப்போகும் நாற்பத்திரண்டு அவர்களுக்கு நுழைவுச் சீட்டு.

உண்மையான ஆபத்து பந்தயத்தில் இல்லை, அதற்கு அடுத்த வாரத்தில். மெடலைப் போட்டுக்கொண்ட உற்சாகத்தில் செவ்வாய்க்கிழமையே வேக ஓட்டம், வியாழன் ஏற்றம் என்று கிளம்புகிறவர்கள்தான் படுத்துக்கொள்கிறார்கள். அமெரிக்கப் பயிற்சியாளர் ஜாக் டேனியல்ஸ் சொல்லும் கணக்கு, பந்தயத்தில் ஓடிய ஒவ்வொரு 3,000 மீட்டருக்கும் ஒரு நாள் மெதுவான ஓட்டம். பத்துக்கு மூன்று நாள், சொச்சம் உண்டு. 41 வயதில் 2 மணி 11 நிமிடச் சொச்சத்தில் மாரத்தான் ஓடிய நியூசிலாந்தின் ஜாக் ஃபாஸ்டர் பெயரில் வழங்கும் விதி இன்னும் தாராளம்: ஒவ்வொரு மைலுக்கும் ஒரு நாள். அந்தக் கணக்கில் ஆறு. பகலில் சரிவில் நின்று பழம் பறிக்கிறவனுக்கு நான் ஃபாஸ்டர் கட்சி.

அந்த ஞாயிறு நெடு ஓட்டம் போய்விடுமே என்றான். பந்தயத்துக்கு முன்னால் மூன்று கிலோமீட்டர் மெதுவாக, பின்னால் நாலைந்து கிலோமீட்டர் மெதுவாக. மொத்தம் பதினேழு, பதினெட்டு ஆகிவிடுகிறது. இட்லி அதற்கப்புறம். முழு ஓட்டத்துக்கு நாலு வாரம் இருக்கிறது, அடுத்த ஞாயிறு நெடு ஓட்டத்தை வைத்துக்கொள்ளலாம். இதுவே இரண்டு வாரத்துக்குள் வந்த பந்தயமாக இருந்தால், பணம் கட்டியிருந்தாலும் போகாதே என்றிருப்பேன்.

கடைக்காரர் பாய்லரை அணைக்கப் பார்த்தார். தம்பி தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

ஒன்று பாக்கி இருந்தது. பந்தயம் காலை ஆறு மணிக்கு. இங்கிருந்து முதல் பஸ்ஸில் இறங்கினாலும் எழுபது வளைவு சுற்றிப் போய்ச் சேர்வதற்குள் மெடல் கொடுத்து முடித்திருப்பார்கள். முந்தின நாளே இறங்கிவிட வேண்டும். அந்நிய வீடு, அந்நியப் படுக்கை, விடியற்காலை மூன்று மணிக்கு வயிறு ஒத்துழைக்குமா என்ற கவலை, எல்லாம் சென்னையிலும் இருக்கும். அதையும் இப்போதே பழகிப் பார்த்துவிடலாம். எங்கே தங்குவாய் என்று கேட்டேன்.

"ராசிபுரத்துல சித்தப்பா வீடு இருக்கு. ஆனா நான் போனாலே சித்தி ராத்திரி கோழி அடிச்சுக் கொழம்பு வெச்சுடுவாங்க, அண்ணா. வேண்டாம்னா கோவிச்சுக்குவாங்க."

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் வெக்கச் சொல்லு. நானும் வர்றேன்."

டீக்காசை அவன்தான் கொடுத்தான்.