தீயணைப்பு நிலையமும் அதன் சிப்பந்திகளும்

முதல் நிமிஷத்தில் ஒரு குடம் தண்ணீரால் அவிந்துவிடக் கூடிய நெருப்பு, பத்தாவது நிமிஷத்தில் ஒரு வண்டித் தண்ணீருக்கும் அடங்காமற் போகிறது. ஆகையால், ஒரு நகரத்தின் தீயணைப்புப் படைக்கு எவ்வளவு பலம் உண்டு என்று அறிய விரும்புவோர், அதனிடம் உள்ள யந்திரங்களை எண்ணுவதற்கு முன்பாக, அதன் நிலையங்கள் எங்கெங்கே அமைந்திருக்கின்றன, அவை ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் இராப்பகலாக ஆயத்த நிலையில் இருக்கின்றனர் என்னும் இரண்டையுமே விசாரிக்க வேண்டும்.

இதை நன்கு உணர்ந்து செயலாற்றிய முன்னோடி ஜேம்ஸ் பிரெய்ட்வுட். இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் தனித்தனியே வைத்திருந்த படைகளை இணைத்து 1833இல் லண்டனில் ஒரே ஸ்தாபனம் உருவானபோது, அதன் தலைமையை ஏற்ற அவர், 80 வீரர்களை 13 நிலையங்களில் பிரித்து அமர்த்தி, எந்தத் திக்கில் தீ எழுந்தாலும் யாராவது ஒரு குழு விரைவில் சென்று சேரும்படி செய்தார். 1861இல் தீப்பற்றிய பண்டகசாலையின் சுவர் இடிந்து விழுந்து, பணியிலேயே அவர் உயிர் நீத்தார்.

சென்னைப் பட்டணத்துக்கெனத் தீயணைப்புப் படை 1908இல் ஏற்பட்டது. ஆறு ஆண்டுகள் கழித்து, 1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு, ஜெர்மானியக் கப்பலான எம்டன் வீசிய குண்டுகளால் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள் பற்றியெரிந்தன. எண்ணெய் நீரினும் இலேசானதாகையால், மேலே பீய்ச்சும் தண்ணீர் அடியில் இறங்கிவிட, நெருப்பு மேலே மிதந்தபடியே எரியும். எந்தத் தீயை எதனால் அணைப்பது என்ற ஞானமும் தைரியத்தைப் போலவே இன்றியமையாதது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

நிலையத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு கடமை வரையறுக்கப்பட்டிருக்கிறது. நிலைய அலுவலர் தீயின் போக்கைக் கண்டு கட்டளையிடுகிறார். முன்னணி தீயணைப்போர் குழுவை நடத்துகிறார். வண்டியைச் செலுத்திவந்த ஓட்டி, நின்றதும் அதே எஞ்சினின் சக்தியைப் பம்புக்குத் திருப்புகிறார். தீயணைப்போர் சுருட்டி வைத்த ஹோஸை உருட்டி விரித்து, ஒன்றன் வாயை மற்றொன்றில் பொருத்தி, முனைக் குழாயை ஏந்துகின்றனர். சீறிப் பாயும் நீர் அதற்கு ஈடான விசையோடு குழாயைப் பின்னுக்குத் தள்ளுவதால், அதைத் தாங்கப் பெரும்பாலும் இருவர் நிற்க வேண்டியிருக்கிறது. இவர்களில் ஒருவர் குறைந்தாலும், எவ்வளவு விலையுயர்ந்த வண்டியும் பாதிப் பயனே தரும்.

நீரின் கணக்கும் அத்தகையதே. 4,500 லிட்டர் கொள்ளும் வண்டியிலிருந்து நிமிஷத்துக்கு 450 லிட்டர் வீதம் பீய்ச்சினால் பத்தே நிமிஷத்தில் தொட்டி காலியாகிவிடும். பிறகு ஏரியையோ கிணற்றையோ நாட வேண்டும். பம்பு குழாயிலுள்ள காற்றை வெளியேற்ற, வெளிக்காற்றின் அழுத்தமே நீரை மேலே தள்ளுகிறது. அந்த அழுத்தத்துக்கு எல்லையுண்டாதலால், ஏழெட்டு மீட்டருக்கும் அதிக ஆழத்திலுள்ள நீர் எட்டுவது அரிது. எனவே வண்டி நீர்க்கரையை நெருங்கி நிற்க வழியிருத்தல் அவசியம்.

சென்னைப் படை ஏற்பட்ட நாளில் அம்பத்தூரும் ஆவடியும் பூவிருந்தவல்லியும் நகர எல்லைக்கு அப்பாற்பட்ட, ஏரிகள் சூழ்ந்த ஊர்கள். பின்னர் 1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலைக்கு வித்திடப்பட்டு, 1964இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் எழுந்தபோது, பெயிண்டும் ரப்பரும் எண்ணெயும் கையாளும் பட்டறைகளுக்குப் பக்கத்திலேயே ஜனங்களின் குடியிருப்புகளும் நெருங்கிப் பெருகின. 1967இல் தீயணைப்புத் துறை போலீஸ் இலாகாவிலிருந்து பிரிந்து தனித்துறையாயிற்று. இன்று இம்மூன்று ஊர்களிலும் தீயணைப்பு நிலையங்கள் உள்ளன.

1944 ஏப்ரல் 14ஆம் தேதி பம்பாய்த் துறைமுக வெடிவிபத்தில் 66 தீயணைப்பு வீரர்கள் மாண்டனர். அந்நாளையே நாம் தீத்தொண்டு நாளாக அனுசரிக்கிறோம். மலர்வளையத்தோடு அந்த மரியாதை முடிந்துவிடலாகாது. புதிய குடியிருப்புக்கு மனை பிரிக்கும்போதே நிலையத்துக்கு இடம் ஒதுக்குவதும், அம்பத்தூர், கொரட்டூர், பருத்திப்பட்டு ஏரிக்கரைகளில் வண்டி செல்லும் பாதையை அடைக்காமல் வைப்பதும், காலியாகும் பணியிடங்களை உடனுக்குடன் நிரப்புவதும் அவர்களுக்கு நாம் செய்யக்கூடிய மெய்யான கைம்மாறாகும்.