மின் கிட்டாரும் அதன் குமிழ்களும்

நம் தமிழ் மன்ற விழாக்களில் ஒலிபெருக்கிக்காரர் ஒரு குமிழைத் திருகுகிறார். பேச்சாளரின் குரல் ஓங்குகிறது. அக்குமிழுக்குள் இருப்பது யாது என எண்ணிப் பார்ப்பவர் சிலரே. பௌதிகம் பயிலும் நானும் சென்ற ஆண்டு வரை எண்ணிப் பார்த்ததில்லை. எண்ண வைத்தது என் தம்பியின் மின் கிட்டார்.

பொங்கலுக்கு ஊர் போக எடுத்து வைத்திருந்த பணத்தை அப்பா என்னிடம் கொடுத்து, “நீ படித்தவன், பார்த்து வாங்கிக் கொடு” என்றார். ஒருவர் பயன்படுத்திய கிட்டார் ஒன்றை, அதன் மெருகில் மயங்கி வாங்கி வந்தேன். குர்லாவில் எங்கள் ஒற்றை அறை வீட்டில் நண்பனின் ஒலிபெருக்கியோடு இணைத்தோம். கம்பளிக்குள் பொத்தி வைத்தாற்போல் மங்கலாக ஒலித்தது. “இத்தனை படிச்சு என்னடா பிரயோசனம்? ஒரு பொட்டியைப் பார்த்து வாங்கத் தெரியலையே!” என்றார் அப்பா. என் படிப்புக்கே வந்த சோதனையாக அதைக் கொண்டேன்.

மின் கிட்டாரின் தத்துவம் எளிது. எஃகுத் தந்திகளுக்கு அடியில் காந்தங்களும், அவற்றைச் சுற்றிப் பல ஆயிரம் சுற்றுகள் கொண்ட மெல்லிய கம்பிச் சுருளும் உள்ளன. தந்தி அதிரக் காந்தப் பாயம் மாறுகிறது. சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. 1831-இல் பாரடே கண்ட மின்தூண்டல் இதுவே. இதற்குப் ‘பிக்கப்’ என்று பெயர். கர்நாடக இசையின் கமகங்களுக்கு நாதம் நீண்டு நிற்க வேண்டும். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் (1969-2014) மின் மாண்டலினை ஏந்தியதும், பிரசன்னா மின் கிட்டாரில் கீர்த்தனைகள் வாசிப்பதும் இத்தத்துவத்தின் துணை கொண்டே.

பிக்கப்பில் பிறந்த மின்சாரம் அடுத்துச் செல்வது குமிழுக்கு. அதன் அடியில் இருப்பதே பொட்டென்ஷியோமீட்டர். கடைக்காரர்கள் ‘பாட்’ என்பார்கள். வளைந்த கரித்தடம் ஒன்று. அதன் இரு முனைகளிலும் ஒவ்வோர் இணைப்பு. தடத்தின் மேல் நகரும் கரம் ஒன்றுக்கு மூன்றாம் இணைப்பு. கரம் எங்கே நிற்கிறதோ, அதற்கேற்ற பங்கு மின்னழுத்தமே வெளியே செல்கிறது. நீர்க்குழாய் போல் அது மின்சாரத்தை அடைப்பதில்லை, பங்கிடுகிறது.

அந்தக் கிட்டாரைத் திறந்தேன். பாட்டின் முதுகில் ‘பி25கே’ என்றிருந்தது. 25 கிலோ ஓம் என்பது மின்கலமும் உட்பெருக்கியும் உடைய கிட்டார்களுக்கு உரியது. ஒற்றைச் சுருள் பிக்கப்புக்கு வழக்கம் 250. இரட்டைச் சுருளுக்கு 500.

இதனால் வந்த கேடு யாது? பாட்டின் இரு முனைகளும் சுருளின் இரு முனைகளோடு சேர்ந்திருப்பதால், அது சுருளுக்கு ஒரு சுமை. சுருளின் தூண்டல் சுமார் 2.5 ஹென்றி எனக் கொள்வோம். விநாடிக்கு 100 அதிர்வுகளில் அதன் தடை 1.6 கிலோ ஓமே. 4000 அதிர்வுகளில் 63 கிலோ ஓம். எனவே, 25 கிலோ ஓம் சுமையில் கீழ் ஒலி பெரும்பாலும் தப்பிப் பிழைக்கிறது. மேல் ஒலியோ சுருளுக்குள்ளேயே தேய்ந்து போகிறது. கம்பளி போர்த்தியது இதுதான்!

‘பி’ என்ற எழுத்தும் கவனிக்கத் தக்கது. பி வகையில் திருகலுக்கு நேர் விகிதத்தில் தடை மாறும். நம் செவியோ மடக்கை முறையில் உணர்வது. ஆதலின் சிறிது திருகியதும் ஒலி குபீரென ஏறி, பிறகு மாறாதது போல் தோன்றும். ஏ வகை செவிக்கேற்ப அமைந்தது. பாதி திருகி அளந்தால், பி வகை மொத்தத்தில் பாதி காட்டும். ஏ வகை பத்தில் ஒன்று அல்லது சற்று மேல்.

தாதரில் வண்டி மாறி, கிராண்ட் ரோட்டில் இறங்கி, லாமிங்டன் சாலைக்குச் சென்றேன். ‘ஏ250கே’ பாட்டுக்கு ஆன செலவு ஒரு வேளைச் சாப்பாடு அளவே. அன்றிரவு பழையதைக் கழற்றிப் புதியதைப் பற்றவைத்தேன். தம்பி மீட்டினான், மணிபோல் ஒலித்தது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. சற்றுப் பொறுத்து, “இன்னொரு தடவை வாசி” என்றார்.

கிட்டார் வாங்கப் போகும் நண்பர்களுக்குச் சில சொற்கள். மெருகைப் பாராதீர், கழுத்து நேராக இருக்கிறதா எனப் பாருங்கள். பன்னிரண்டாம் கட்டில் தந்தியை அழுத்தி மீட்டினாலும், அழுத்தாமல் தொட்டு மீட்டினாலும் ஒரே சுரம் எழ வேண்டும். ஒலிபெருக்கியோடு இணைக்காமல் விலை பேசாதீர். குமிழ்களை மெல்லத் திருகுங்கள். கரகரத்தால் கரித்தடத்தில் அழுக்கோ தேய்வோ உண்டு. இரைச்சல் மிகுந்த இடத்தில் வாசிப்பவர் இரட்டைச் சுருளை நாடலாம். மின்கம்பிகளின் 50 அதிர்வு ரீங்காரத்தை ஒரு சுருள் மற்றதில் கழித்துவிடும்.

அந்தப் பொங்கலுக்கு நாங்கள் ஊருக்குப் போகவில்லை. ஆயினும், வகுப்பில் கரும்பலகையில் கண்ட சூத்திரம் ஒன்று எங்கள் வீட்டில் ஒலித்தது. கற்ற கல்வியை ஒரு முறையேனும் கையால் தொட்டுப் பாருங்கள், நண்பர்களே!