அப்பாவாகப் போறீங்களா? அந்த லிஸ்ட்டைக் கொஞ்சம் காட்டுங்க!

முதல் குழந்தையை எதிர்பார்க்கிற வீட்டில் புருஷன்காரன் பாக்கெட்டில் ஒரு லிஸ்ட் இருக்கும். ஆபீஸில் பக்கத்து சீட்காரர் சொன்னது பாதி, மச்சினி போனில் அனுப்பியது மீதி. தொட்டில், தள்ளுவண்டி, வாக்கர், பால் பாட்டில் அரை டஜன், அதைக் கழுவ பிரஷ், கழுவியதைக் கொதிக்க வைக்க ஒரு மெஷின்... கூட்டிப் பார்த்தால் ஒரு மாசச் சம்பளம் டாட்டா காட்டிவிட்டுப் போய்விடும். பிறக்கப் போகிற ஜீவன் சுமார் மூணு கிலோ. அதற்கான சாமான் முப்பது கிலோ!

இந்த விஷயத்தில் காஞ்சிபுரத்தில் ஒரு வேடிக்கை உண்டு. காந்தி ரோட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் பட்டுக் கடை. ஊர் உலகத்துக்கே கல்யாணப் புடவை நெய்கிற ஊர். ஆனால் பிள்ளையார்பாளையத்துத் தறி வீட்டில் குழந்தை பிறந்தாலும், அதைச் சுற்றி எடுக்கத் தேடுவது பட்டை அல்ல... தாத்தாவின் பழைய வேட்டியை! அதில் விஷயம் இருக்கிறது. துவைத்துத் துவைத்து நைந்த பருத்தி ஈரத்தை உறிஞ்சும், காற்று போகும், பூப்போல இருக்கும். ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளி இழையைச் சுற்றி, தங்க முலாம் பூசியது. கல்யாணப் பெண்ணின் இடுப்பிலேயே உறுத்துகிற சமாசாரம், பச்சைக் குழந்தையின் தோலில் என்ன பாடுபடுத்தும்? பட்டுப் பாவாடையை முதல் பிறந்த நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

"பிறக்கறதுக்கு முன்னாடி எதையும் வாங்கி வெச்சிடாதீங்க மாப்ளே" என்று மாமியார் சொன்னால் மூடநம்பிக்கை என்று சிரிக்காதீர்கள். அதில் நல்ல பட்ஜெட் புத்தி இருக்கிறது. குழந்தை பிறந்த சேதி தெரிந்ததும் அத்தை ஒரு செட், சித்தி ஒரு செட், ஆபீஸ் நண்பர்கள் வசூல் போட்டு ஒரு செட் என்று துணி வந்து குவியும். அத்தனையும் 'புது சைஸ்'. மூன்றே மாதத்தில் அத்தனையும் பத்தாது!

அப்படியென்றால் நிஜமாகவே என்னதான் வேண்டும்? இதற்கு நம்ம ஊரிலேயே ஒரு அளவுகோல் இருக்கிறது. அரசு மருத்துவமனையில் பிரசவமாகும் தாய்மார்களுக்காக 2015-ல் தமிழ்நாடு அரசு ஒரு குழந்தை நலப் பரிசுப் பெட்டகம் கொண்டுவந்தது. சுமார் ஆயிரம் ரூபாய் மதிப்பில் 16 பொருட்கள். துண்டு, சட்டை, சின்ன மெத்தை, கொசுவலை, நாப்கின், எண்ணெய், ஷாம்பு, சோப்பு, சோப்பு டப்பா, நகவெட்டி, கிலுகிலுப்பை, ஒரு பொம்மை. அம்மாவுக்குக் குளியல் சோப்பு, கை கழுவும் திரவம், சௌபாக்கிய சுண்டி லேகியம். எல்லாவற்றையும் போட்டுக்கொள்ள ஒரு பை. அவ்வளவுதான்!

இதே யோசனை பின்லாந்து நாட்டுக்கு 1938-லேயே வந்துவிட்டது. முதலில் ஏழைத் தாய்மார்களுக்கு மட்டும், 1949 முதல் எல்லோருக்கும். துணிமணிகளோடு ஒரு மெத்தையும் தருவார்கள். அட்டைப்பெட்டியின் அடியில் அதை விரித்துவிட்டால் பெட்டியே படுக்கை. (லேகியம் மட்டும் அங்கே கிடையாது. பாவம்!)

இரண்டு பெட்டியிலும் தொட்டில் இல்லை, வாக்கர் இல்லை, தள்ளுவண்டி இல்லை. நம்ம பெட்டகத்தில் பால் பாட்டிலும் இல்லை.

பாட்டில் விஷயத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லவேண்டும். பால் பாட்டிலுக்கும் பால்பவுடருக்கும் டி.வி.யில் விளம்பரம் பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருக்க முடியாது. 1992-ல் வந்த மத்திய சட்டம் அதைத் தடை செய்திருக்கிறது. இலவச சாம்பிள் கொடுப்பதும் குற்றம். சரியாகக் கொதிக்க வைக்காத பாட்டிலும், அளவு பார்த்துக் கலக்காத பவுடரும் குழந்தைக்கு வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும். பச்சைக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்பது விளையாட்டு விஷயமல்ல, உயிரையே கேட்கும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம் என்பதுதான் டாக்டர்கள் சொல்வது. வெயிலில் வேகிற காஞ்சிபுரத்திலும் இதேதான். கிரைப் வாட்டரும் இதில் அடக்கம். 1851-ல் இங்கிலாந்தில் பிறந்த அந்த பாட்டில் நம் வீடுகளில் தாத்தா காலத்து விருந்தாளியாக இருக்கலாம். ஆனால் லிஸ்ட்டில் அதற்கு இடமில்லை.

பால் போதவில்லை, குழந்தை எடை ஏறவில்லை என்றால்? டாக்டர் முடிவு செய்யட்டும். அப்போதும் பாட்டிலைத் தேடி ஓடவேண்டாம். பாலாடை இருக்கிறதே! நம் பாட்டிமார் சங்கு என்றும் சொல்வார்களே, அதேதான். குறைமாதக் குழந்தைகளுக்குப் பால் புகட்ட மருத்துவமனைகளிலும் பயன்படுவது அதுதான். மூலை முடுக்கு கிடையாது, நிப்பிள் கிடையாது. வெந்நீரில் போட்டுக் கொதிக்க வைத்தால் சுத்தம். மடக்கென்று ஊற்றாமல், தலையைச் சற்று உயர்த்திப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் குழந்தை தானே விழுங்கும்படி கொடுக்க வேண்டும்.

அடுத்து தொட்டில். தேக்குத் தொட்டில் பார்க்க ஜோர்தான். ஆனால் எட்டாம் மாதம் குழந்தை கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்க ஆரம்பித்ததும் அதன் சர்வீஸ் முடிந்தது. அப்புறம் வீட்டு அழுக்குத் துணியெல்லாம் அதில்தான்! பழைய காட்டன் புடவையில் கட்டும் தூளிக்குச் செலவே இல்லை. ஆனால் ஒரு எச்சரிக்கை. தரையிலிருந்து அதிக உயரத்தில் கட்டாதீர்கள். கொக்கியையும் ஸ்பிரிங்கையும் அடிக்கடி சோதியுங்கள். முக்கியமாக, பெரிய குழந்தைகள் தூளியில் சுற்றி விளையாட விடவே கூடாது. துணி முறுக்கிக் கழுத்தை இறுக்கி உயிர்போன செய்திகள் நம் பேப்பர்களிலேயே வந்திருக்கின்றன. ஆள் பார்வையில் இருக்கும்போது தூளி. ராத்திரித் தூக்கத்துக்கு மட்டமான படுக்கை.

அந்தப் படுக்கையில் தலையணை வேண்டாம். தலை உருண்டையாக வரும் என்று விற்கிறார்களே, அந்தக் கடுகுத் தலையணையும் சேர்த்துத்தான். மல்லாக்கப் படுக்க வைத்தால் போதும். அமெரிக்கக் குழந்தை டாக்டர்கள் 1992-ல் இதைச் சொல்ல ஆரம்பித்தார்கள். பிறகு அங்கே தூக்கத்திலேயே காரணம் தெரியாமல் இறந்துபோகும் குழந்தைகளின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே வந்தது. ஒரு பைசா செலவில்லாத வைத்தியம்!

வாக்கர்? கனடாவில் 2004 முதல் விற்கவே தடை. உருண்டுபோய்ப் படியில் விழுகிற ஆபத்து. போதாக்குறைக்கு, நடையும் அதனால் சீக்கிரம் வருவதில்லை. குழந்தை தானாக நிற்கத் தொடங்கிய பிறகு ஒரு மர நடைவண்டி வாங்கித் தந்தால் தெருவே வேடிக்கை பார்க்கும். பவுடரும் வேண்டாம். தூசி மூச்சோடு உள்ளே போகும்.

டயப்பருக்கு வருவோம். பச்சைக் குழந்தைக்கு ஒரு நாளைக்குப் பத்து தடவை மாற்றவேண்டி வரலாம். ஒன்று பத்து ரூபாய் என்று வைத்தாலும் மாசம் மூவாயிரம். வீட்டில் இருக்கும்போது பழைய வேட்டியைக் கிழித்த சதுரங்கள் இரண்டு டஜன், ராத்திரிக்கும் பயணத்துக்கும் டயப்பர் என்று பிரித்துக்கொண்டால் பாதிக்கு மேல் மிச்சம். ஆனால் துணியைத் துவைப்பது யார்? இங்கேதான் நிறையப் பேருக்குத் திடீரென்று இருமல் வரும். தையல் ஆறாமல் படுத்திருக்கும் மனைவியா துவைப்பாள்? வாளியை எடுங்க சார்!

சரி, கட்டாயம் வாங்கவேண்டியது ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. முதலில் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர். மூன்று மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு 100.4 டிகிரி காட்டினால் கஷாயம் வைத்துப் பார்க்கிற வேலை வேண்டாம். நடு ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிதான். அந்த ராத்திரியில் ஆட்டோவுக்கும் மருந்துக்கும் வேண்டிய பணம், தள்ளுவண்டி வாங்காமல் மிச்சப்படுத்திய அதே பணம்தான். அதைத் தனிக் கவரில் போட்டு வையுங்கள்.

மனைவி வேலைக்குப் போகிறவரா? அப்படியானால் தாய்ப்பால் எடுக்கும் பம்ப் ஆடம்பரமல்ல, தேவை. எடுத்த பாலை ஃப்ரிட்ஜில் நாலு நாள் வரை வைக்கலாம். நம்ம ஊர் சூட்டில் வெளியே விட்டுவைக்காமல் உடனே உள்ளே வைத்துவிட வேண்டும்.

பைக் வைத்திருப்பவர்கள் கவனிக்க. ஆஸ்பத்திரியிலிருந்து பச்சைக் குழந்தையை பைக்கில் கொண்டுவரும் வீரம் வேண்டாம். அரசு மருத்துவமனையில் பிரசவமென்றால் வீட்டில் கொண்டுவிடும் 102 வண்டியைக் கேளுங்கள். 2022-ல் வந்த விதிப்படி, நாலு வயதுக்கு உட்பட்ட குழந்தையை பைக்கில் ஏற்றினால் பாதுகாப்பு பெல்ட் வேண்டும். 9 மாதம் ஆகிவிட்டால் ஹெல்மெட்டும் வேண்டும். வேகம் 40-ஐத் தாண்டக் கூடாது.

கடையில் கிடைக்காத ஐட்டங்களும் உண்டு. தடுப்பூசி அட்டை ஒன்று. அரசு ஆஸ்பத்திரியில் ஊசி இலவசம், அட்டையைத் தொலைத்தால்தான் அலைச்சல். பிறப்பு பதிவு இன்னொன்று. 21 நாளுக்குள் கட்டணம் இல்லை. பெயர் முடிவாகவில்லையா? ஒரு வருஷம் வரை கட்டணமின்றிச் சேர்த்துக்கொள்ளலாம். மாமனார் கட்சியும் உங்கள் கட்சியும் பேச்சுவார்த்தை நடத்த அவ்வளவு டைம் போதுமல்லவா?

கடைசியாக லீவு. மத்திய அரசு ஊழியர் என்றால் இரண்டு குழந்தைகள் வரை அப்பாவுக்கும் 15 நாள் சம்பளத்தோடு லீவு உண்டு. பிரசவத்துக்கு 15 நாள் முன்பிருந்து ஆறு மாதத்துக்குள் எடுத்துக்கொள்ளலாம். தனியார் கம்பெனிக்கு அப்படிச் சட்டம் எதுவும் இல்லை, கம்பெனி வைத்ததுதான் விதி. ஆகவே லிஸ்ட்டோடு கடைக்குக் கிளம்புவதற்கு முன்னால், லீவு லெட்டரோடு மேனேஜர் ரூமுக்குள் ஒரு தடவை போய்விட்டு வாருங்கள். அவர் "உனக்கு எதுக்குப்பா லீவு?" என்று கேட்டால், வாளி விஷயத்தை அவரிடம் விளக்கிச் சொல்லுங்கள்!