துளையுடைத் திரவம்

நெளுக்குளத்து நீரிலே குடத்தை அமிழ்த்தி எடுப்பின், அது இருந்த இடத்தை நீர் அக்கணமே நிரப்பிவிடும். மரக்கரிக்குத் துளையுண்டு, மட்குடத்திற்கும் உண்டு. திரவத்திற்கோ இல்லை. ஆதலின், இல்பொருளுக்கு எடுத்துக்காட்டாக முயற்கொம்போடு நீர்த்துளையையும் வகுப்பிலே கூறிவந்தேன்.

2007ஆம் ஆண்டிலே பெல்பாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழக இரசாயனப் பேராசிரியர் ஸ்டூவர்ட் ஜேம்ஸ் குழுவினர் இதற்கொரு வழி கூறினர். கூடுபோல் உட்குடைவான மூலக்கூறுகளை, அக்கூட்டு வாயிலில் நுழையவியலாத பெரிய மூலக்கூறுகளையுடைய கரைப்பானிற் கரைத்தலே அவ்வழி. கரைப்பான் புகாமையாற் கூடு வெறுமையாகவே இருக்கும். சிறிய வாயு மூலக்கூறுகள் அதனுட் புகுந்து தங்கும். 2015இல் லிவர்ப்பூல் முதலிய பல்கலைக்கழகத்தாரோடு கூடி இதனைச் செய்துங்காட்டினர். தனிக் கரைப்பானிற் கரைவதிலும் எட்டு மடங்கு மெதேன் அத்திரவத்திற் கரைந்தது. 2019இல் பம்பாய் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார், உட்குடைவான நுண்ணிய சிலிக்காக் கோல்களைக்கொண்டு, கரைப்பானே வேண்டாத வேறொருவகையை ஆக்கினர்.

இதனாற் பயன் யாது? துளையுடைத் திண்மங்களும் வாயுவைப் பற்றும். ஆயின் குழாய்வழி ஓடா. இத்திரவம் ஓடும். ஆலைப்புகையிலுள்ள காபனீரொட்சைட்டை ஓரிடத்திற் பற்றி, வேறிடத்தில் விடுவித்து, மீண்டும் பயன்படக்கூடும். ஆக்கச் செலவும் பாகுத்தன்மையும் தடைகளாயுள்ளன.

மாணவர்காள், முயற்கொம்பு நிற்க. நீர்த்துளையை இனி இல்பொருளென்று யான் கூறேன்.