மாலையில் ஏறும் உடல்சூடு



"காலையில நல்லாத்தான் இருக்கேன், அஸருக்குப் பிறகு உடம்பு கணகணன்னு இருக்கு" என்று வீட்டில் யாராவது சொன்னால் என்ன செய்வது?

உடல்சூடு நாள் முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. மூளையின் ஹைபோதலாமஸ் பகுதி அதைக் கட்டுப்படுத்துகிறது. ஸஹர் நேரத்தில் மிகக் குறைந்திருக்கும். பகலில் மெல்ல ஏறி, அஸர், மஃரிப் வேளையில் உச்சம் தொடும். உறக்கத்தில் மீண்டும் இறங்கும். சுமார் 1 டிகிரி பாரன்ஹீட் வித்தியாசம் இயல்பானதே. வாயில் வைத்துப் பார்க்கையில் காலையில் 99, மாலையில் 100 டிகிரியைத் தாண்டினால் காய்ச்சல் எனக் கொள்ளலாம்.

காய்ச்சலும் பெரும்பாலும் மாலையில்தான் கூடும். எனவே, காலையில் சூடு தணிந்ததும் குணமாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். காலையும் மாலையும் அளந்து குறித்து வையுங்கள்.

நாள்கணக்கில் நீடிக்கும் மாலைக் காய்ச்சல் காசநோயின் அடையாளமாகவும் இருக்கலாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் அல்லது காய்ச்சல், இரவில் வியர்வை, எடை குறைதல் இருந்தால் உடனே பரிசோதனை செய்யுங்கள். நம் சானடோரியம் ரயில் நிலையத்தின் பெயரே, 1928ல் காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய மருத்துவமனையால் வந்ததுதான். இன்று அது அரசு நெஞ்சக மருத்துவமனை. அரசு மருத்துவமனைகளில் காசநோய்ப் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

"பெண்ணுக்கு வரன் பார்க்கும் நேரம், வெளியே தெரிய வேண்டாம்" என்று மறைக்காதீர்கள். மறைத்தால் வீட்டுக் குழந்தைகளுக்கும் பரவும். வழக்கமான காசநோய், ஆறு மாதம் விடாமல் மருந்து சாப்பிட்டால் பெரும்பாலும் குணமாகும்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் பூரண ஆஃபியத்தைத் தந்தருள்வானாக. ஆமீன்.

– செயலாளர்